அட்டை போட்ட தம்பி

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. அவருடைய கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஓரமாக ஒதுங்கி நின்று, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து, உள்ள வாங்க" என்பார். இன்னொரு கை இடுப்பில் இருக்கும். அது மரியாதைக்காக அல்ல, முதுகுவலிக்காக. வாழ்நாள் முழுக்க மேலே போய்க்கொண்டே இருந்தும் முன்னேறாத ஒரே மனிதன் தன் தம்பிதான் என்று அவருடைய அக்கா சொல்வார்.

அக்கா லேசுப்பட்டவர் அல்ல. நூற்பாலை ஒன்றின் வாசலைக் காத்தவர். அடையாள அட்டை இல்லாமல் ஈ, எறும்பு உள்ளே போனதில்லை. ஒருநாள் ஆலை முதலாளியே அட்டையை மறந்துவிட்டு வந்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பி அது வந்து சேரும்வரை வெயிலில் நின்றார். தம்பி சாப்பாடு கொண்டுபோன நாளிலும் அதே கதைதான்.

"அட்டை எங்க?"

"அக்கா, நான்தான்க்கா."

"இங்க அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. அட்டை எங்க?"

சாப்பாடு உள்ளே போனது. தம்பி வெளியே நின்றார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருந்த இருவரும் ஒரே வீட்டில் காலம் தள்ளினார்கள். போன மழைக்காலத்தில் அக்கா சமையலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை, தைரியம்தான் உடைந்தது. அதன்பின் கட்டில், நாற்காலி, சுவர் என்று உலகம் சுருங்கிவிட்டது. சாயங்காலமானால் தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை அட்டை கேட்காத குறையாக முறைப்பது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. அதுவும் போயிற்று. சாப்பாடு பாதியானது. பேச்சு கால்வாசியானது. திட்டுவதுகூடக் குறைந்தபோதுதான் தம்பி போய்க் கையை நீட்டினார்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாக்கா, பெஞ்சு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"நீ என்னைப் பிடிக்கப் போறியா? உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவடா நான். ஆளைப் பாரு, ஆளை!"

"பின்ன யாரு பிடிச்சா வருவே?"

"ஆபீஸ்ல இருந்து முறையா ஆள் வரட்டும். அட்டையோட."

மறுநாளே லிஃப்ட்காரர் முதியோர் சேவை மையத்துக்குப் புறப்பட்டார். வீட்டுத் துணைப் பிரிவு ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்டும் இருந்தது, அதை இயக்கத்தான் ஆள் இல்லை. உள்ளே ஏழெட்டுப் பெரியவர்கள் கண்ணாடியைத் தேடி, பொத்தானைத் தடவி, ஏறுவதற்குப் பதில் ஒரே மாடியில் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர். லிஃப்ட்காரர் கெட்டால் லிஃப்ட். கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"எங்கம்மா போகணும்?"

"காது மெஷினு வாங்கணும்ப்பா."

"ரெண்டாவது மாடி. உங்களுக்கு ஐயா?"

"எனக்கும் காதுதான்... என்ன கேட்டீங்க?"

அன்று அலுவலகம் மூடும்வரை அவர் ஏறி இறங்கினார். ஐந்தாவது மாடியைப் பலமுறை தொட்டார், இறங்கத்தான் முடியவில்லை. கீழே யாராவது காத்திருப்பார்களே! அடுத்த இரண்டு முறை போனபோதும் இதே கூத்து. வீட்டில் அக்கா ஜாடையாகக் கேட்பார்: "ஆள் வருதா?" தம்பி விட்டத்தைப் பார்ப்பார்.

இதற்குள் கட்டடம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. நாலாவது மாடியில் தனிமை நிவாரணப் பிரிவு. அங்கே ஒரே ஒரு அதிகாரி. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அவரே அவ்வப்போது லிஃப்டில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போவார். அந்தப் புண்ணியவான்தான் லிஃப்ட்காரரைப் படம் பிடித்து, விவரம் கேட்டு, கணினியில் பதிந்து, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்: 'தன்னார்வத் துணைவர்'. சும்மா நின்றால் காவலாளி விரட்டுவான், அட்டை இருந்தால் விரட்டமாட்டான் என்பது அவருடைய வாதம்.

நாலாவது தடவை லிஃப்டே பழுதாகிவிட்டது. ஆண்டவன் கண் திறந்தான் என்று லிஃப்ட்காரர் அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படியேறினார். முதுகு ஒவ்வொரு படியிலும் ஆட்சேபம் தெரிவித்தது.

ஐந்தாவது மாடிப் பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணினியைத் தட்டினார்.

"ஆள் பற்றாக்குறைங்க ஐயா. ஆனா உங்களுக்கு யோகம். உங்க தெருவுலயே ஒருத்தர் புதுசா சேர்ந்திருக்காரு. தங்கமான மனுஷன்னு கட்டடமே சொல்லுது."

"அப்படியா! எந்த வீடு?"

அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் லிஃப்ட்காரரின் முகம் இருந்தது.

"ஐயையோ, இது நான்தாங்க!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. பஸ் ஏற வேண்டியதில்ல."

"அவங்க என் கூடப்பிறந்த அக்காம்மா. நான் கைகொடுத்தா வரமாட்டேங்கிறாங்க."

"ஐயா, தம்பி பண்ணினா அது பாசம். நாங்க அனுப்பிப் பண்ணினா அது சேவை. சாயங்காலத்துல இருந்து ஆரம்பிச்சிடுங்க."

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் தலையைப் படிய வாரி, அட்டையைக் கழுத்தில் மாட்டி, தன் வீட்டு அழைப்புமணியைத் தானே அடித்தார். சுவரைப் பிடித்தபடி வந்த அக்கா, கதவை ஒரு சாண் திறந்து, அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"யார் அனுப்பினது?"

"அஞ்சாவது மாடிங்க."

"படத்துல இருக்கிறவர் சிரிக்கிறாரு. நீங்க சிரிக்கலையே?"

லிஃப்ட்காரர் சிரித்துக் காட்டினார்.

"ம். சரியா இருக்கு. உள்ள வாங்க சார்."

பிறந்ததிலிருந்து அக்கா அவரை 'வாங்க' என்றதில்லை. ஆனால் பணியில் இருப்பவர் அழக்கூடாது. கையை நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டார். வாசற்படியில் பழக்கதோஷத்தில், "கீழ போகுது, பார்த்து" என்றார் துணைவர்.

தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்காவுக்குப் பேச்சு திரும்பி வந்தது. பத்து பேரை முறைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல ஒரு தம்பி இருக்கான் சார். கூப்பிட்டா ஓடி வருவான். ஆனா அவனுக்கு முதுகு போயிடுச்சு, பாவம். வெளிய சொல்லமாட்டான். நான் சாய்ஞ்சா அவனும் சாய்ஞ்சுடுவான். அதான் கிட்டவே விடுறதில்ல. நீங்க அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேங்க," என்றார் துணைவர், இடுப்பிலிருந்த கையைச் சட்டென்று எடுத்தபடி.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா அவசரப்படுத்தினார். "கிளம்புங்க சார். தம்பி வர நேரம். பார்த்தா மனசு சங்கடப்படுவான்."

லிஃப்ட்காரர் வெளியே போனார். மூலை திரும்பி, அட்டையைக் கழற்றிப் பையில் போட்டு, கொஞ்சம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பியாகத் திரும்பி வந்தார்.

"ஆள் வந்தாங்களாக்கா?"

"வந்தாரு. நல்ல மனுஷன். உனக்கு எவ்வளவோ தேவலை."

"நாளைக்கும் வருவாராமா?"

"வரட்டும். அந்த அலமாரியில தைலம் இருக்கு, எடுத்துட்டுப் போ. நாளைக்கு வர்றதுக்குள்ள முதுகுல நல்லாத் தேய்ச்சுக்கச் சொல்லு அவரை."