பிஞ்சு கிள்ளாத வீடு

மூன்று மாடி ஏறுவதற்குள் என் முழங்கால் விட்டுப்போகும். மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத இந்த அபார்ட்மென்ட்டின் மொட்டைமாடியில், பிளாஸ்டிக் ஷீட்டால் கூடாரம் கட்டித் தக்காளி போட்டவர் என் கணவர். தண்ணீர் ஊற்றுவது நான். கேட்டால், ரிட்டயர்டு ஆனவருக்கு முதுகுவலியாம்.

காய்த்ததென்னவோ கொத்துக்கொத்தாகத்தான். எதிர்மாடிக்காரர்கள் அடேயப்பா என்றார்கள். கீழே என் மகள் ஐந்து மாதம். போன முறை மூன்றாம் மாதமே கலைந்துபோனது. கண் பட வேண்டாமென்று கூடாரத்தின் பக்கத் திரைகளை இறக்கி, சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டினேன். அவளையும் அறையிலேயே இருக்கச் சொல்லி, தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினேன்.

கொஞ்ச நாளில் இளம் இலைகள் ஓரம் கருகின. காய்கள் சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிட்டன. கணவர் எதையோ படித்துவிட்டு வந்தார். கடற்கரை ஊர்க் காற்றே பிசுபிசுப்பு, அதையும் அடைத்து வைத்தால் இலை வியர்க்காது, இலை வியர்க்காவிட்டால் வேர் தண்ணீர் இழுக்காது, அதோடு ஏற வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இலைக்குப் போகாது என்றார். போதாததற்கு இலை சமைக்கிற சத்தை இத்தனை காயும் உறிஞ்சினால் வேருக்கு என்ன மிஞ்சும், கொத்துக்கு நாலு விட்டு மீதியைக் கிள்ளிவிடு என்றார்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் பிஞ்சைக் கிள்ளுவதா? இந்த மாதங்களில் பிஞ்சுக் கத்தரிக்காய்கூட நான் வாங்குவதில்லை. உங்கள் படிப்பைக் கொண்டுபோய் உடைப்பில் போடுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவரும் செடியைத் தொடவில்லை. அவருக்கும் பயம்தான்.

நேற்று சாயங்காலம் மூச்சு வாங்க ஏறிப்போனால், சேலைகள் தரையில் குவிந்து கிடந்தன. படியேறக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த மகள் கூடாரத்துக்குள் நின்றிருந்தாள். கை நிறையப் பிஞ்சு.

"என்ன காரியம்டி பண்ணிட்டே?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "உள்ள வந்ததுமே மூச்சு முட்டுச்சும்மா. என் ரூம் மாதிரியே இருக்கு." இன்னொன்றைக் கிள்ளினாள். "போன தடவை இந்த வீட்ல யாரும் எதையும் கிள்ளலையே. அப்பவும் போச்சே."

தண்ணீர்த்தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கால் வலியா, மன வலியா, தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

அடுத்த கொத்து உயரத்தில் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எக்கினாள், எட்டவில்லை. எழுந்துபோய்த் தண்டை வளைத்துப் பிடித்துக்கொண்டேன்.