பலூனுக்கு வெட்டிய கிடா

சேலத்தில் இதயத்துக்குக் குழாய் விடும் கேத் லேபில் நான் நர்ஸ். எங்கள் தொழிலில் நோயாளிக்குச் சரியாகாவிட்டால் ஒரு தலைவலி, சீக்கிரம் சரியாகிவிட்டால் பத்துத் தலைவலி. ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டும் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பிடித்த கை

சங்ககிரி லாரிக்காரர் குப்புசாமி அண்ணனுக்கு வால்வு சுருங்கி, படுத்தால் மூச்சு முட்டும். அந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் இதயம் தாங்காது. தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனால் வால்வை இப்போதைக்கு விரித்துவிடலாம். உடம்பு தேறியதும் ஆபரேஷன் செய்து வால்வையே மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் மறுபடி சுருங்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அண்ணனும் மனைவி பாவாயக்காவும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

பலூன் விரியும் நேரம் அண்ணனின் கையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வு விரிந்தது, இறங்கிக் கிடந்த பிரஷர் ஏறியது. அண்ணன் மெல்லக் கண் திறந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், கைய உடுங்க, வலிக்குதுங்க."

குறட்டை

மறுநாள் பாவாயக்கா வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அண்ணன் கால் நீட்டித் தூங்கினாராம்.

"கொறட்டை கேட்டு எத்தனை நாளாச்சுங்க. நான் தூங்காம உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தனுங்க."

கிடா விருந்து

வீட்டுக்குப் போனவர் செக்கப்புக்கு வரவே இல்லை. விருந்துக்கு அழைப்புதான் வந்தது. பிழைத்தால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாகப் பாவாயக்கா வேண்டியிருந்தாராம். கிடா வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துவிடுவார்களே என்று டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.

அங்கே அண்ணன் சோற்று அண்டாவுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரை உட்காரவைத்து, இப்போதுதான் உடம்பு ஆபரேஷனைத் தாங்கும், இதை விட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்று நேராகவே சொன்னார். அண்ணன் மசியவில்லை. நேர்த்திக்கடன் முடித்த பிறகு ஆபரேஷன் என்றால் சாமியையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. பந்தியே சாப்பிடாமல் எங்களைப் பார்த்தது. குழம்புக் கரண்டியோடு பாவாயக்கா வந்தார்.

"இதுவரைக்கும் காப்பாத்துனதுக்கு இந்தக் கிடா. ஆபரேசனுக்கு நான் வேற கிடா நேர்ந்துக்கறனுங்க. நாளைக்கே கெளம்புங்க."

டிஸ்சார்ஜ்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் வார்டில் நடந்து காட்டியபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மாத்திரையும் செக்கப்பும்தான் என்றார் டாக்டர். பாவாயக்கா மட்டும் அவரை வழிமறித்தார்.

"இதுக்கு மேல எதாவது பாக்கி இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க சாமி, கிடாய அவுத்துட்டு வாரதுக்கு முன்னாடி."

இப்போதெல்லாம் பலூன் போட்டு அனுப்பும் ஒவ்வொருவரிடமும், மாத்திரை வேளையைச் சொல்வதற்கு முன்பே கிடா வெட்டும் வேளையைச் சொல்லி அனுப்புகிறோம்.