கோணல் முகட்டு முனிரத்தினம்

ஊத்துக்கோட்டை பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, "உங்க கூட்டாளி முனிரத்தினம் தவறிப் பூட்டாராமே, தெரியாதா?" என்றார். நான் இறங்கவேண்டிய ஊர் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவனை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பியபோது, எங்கள் கை படாத கொட்டகை ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் ஏற்றிய கூரையை அண்ணாந்து பார்த்த ஒரு மந்திரி, தோள் துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றார்.

பொதட்டூர்பேட்டையில் முனிரத்தினத்துக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஓட்டு வீடு இருந்தால்தான் பெண் என்றார் பெண்ணின் அப்பா. தொழிற்சாலைக்கு மெஷின் வந்திறங்கிய பெட்டிகளின் மரத்தை அவன் வீட்டுக்காக வாங்கி வந்து, கூரை தாங்கும் முக்கோணச் சட்டங்களை நாங்களே தரையில் படுக்கவைத்து அடித்தோம். டிரஸ் என்போம் அதை. முதல் டிரஸ்ஸை அச்சாக வைத்துத்தான் மற்றதுக்கெல்லாம் கோடு போட வேண்டும். கல்யாண நினைப்பில் இருந்தவன், ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முடிந்ததை அச்சாக வைத்துவிட்டான். ஒவ்வொன்றிலும் கோட்டின் தடிமன் அளவு கூடிக்கூடி, கடைசி டிரஸ் முதலாவதைவிட ஒரு சாண் ஓங்கி நின்றது. எல்லாவற்றையும் சுவர்மேல் ஏற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்துவிட்டார்.

"இன்னாப்பா, முகடு மலை ஏறிக்கினு போவுது?"

நான் முந்திக்கொண்டேன். "இது ஜெர்மன் பிளான் மாமா. காத்து முன்னால நொழஞ்சி பின்னால போயிடும். டில்லில எல்லா ஊடும் இப்டித்தான்."

"நைனா, நீ கம்னு இரு," என்றான் முனிரத்தினம். "தப்பு என்னுதுதான் மாமா. பொண்ணு நெனப்புல அளவ வுட்டுட்டேன். ஆனா பலம் கொறையாது. பாருங்க."

சுவரேறிப் போய் ஓங்கி நின்ற டிரஸ்ஸைப் பிடித்துத் தொங்கினான். என்னையும் கூப்பிட்டான். நானும் தொங்கினேன், அப்போது நான் எருமைக்கடா மாதிரி இருப்பேன். மரம் முனகக்கூட இல்லை.

மாமனார் சிரித்துவிட்டார். "எம்பொண்ண நெனச்சே ஊட்ட கோணலாக்கிட்ட. கட்டிக்கினா இன்னா ஆவியோ, போ. தேதி பாரு."

இந்தக் கதையை எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒற்றைக் கையால் தொங்கினேன் என்றுதான் சொல்வேன். "ரெண்டு கை நைனா, ரெண்டு கை," என்று எங்கிருந்தாலும் அவன் குரல் வரும். சபை சிரிக்கும்.

காரியத்தன்று அதே கூரைக்குக் கீழே உட்கார்ந்து சொன்னேன். ஒற்றைக் கை என்று சொல்லி நிறுத்தினேன். எல்லோரும் ஆச்சரியமாகத் தலையாட்டினார்கள். அவன் மகன்கூட நம்பிவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு கைதான்," என்று நானே சொன்னேன். பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். என் வாயால் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.