உப்புப் பாக்கெட்டில் இல்லாத பெயர்

மோனிக்கா அக்கா காலமான செய்தி எனக்கு ஒரு பிளெக்ஸ் பேனராகத்தான் வந்தது. புதுக்கோட்டையில் சரக்கு இறக்கிவிட்டு ஊருக்குள் திரும்பினேன். அச்சக வாசலில் கட்டியிருந்தார்கள். ரோஜாப்பூ, புறா, அருவி. நடுவில் தபால்தலை அளவுக்கு அக்கா. சுற்றிலும் அஞ்சலி செலுத்தும் வியாபாரிகளின் சிரித்த முகங்கள். அதில் என் முகமும் இருந்தது, அக்காவை விடப் பெரிதாக.

நேரே உள்ளே போனேன். அச்சக முதலாளி, "என்ன அண்ணாச்சி, உங்க படம் நல்லா விழுந்திருக்குலா?" என்றார்.

"இருவது வருஷம் உமக்கு வேல பாத்தவங்க, வே! அவங்க செஞ்ச வடிவம் ஒண்ணப் போடத் தோணலையா?"

"அதுக்கு நேரமாகும். இது ரெடிமேடு. பேரையும் படத்தையும் மாத்துனாப் போதும்."

பேனர் கயிற்றை நானே அறுத்தேன்.

அறியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வடிவம் செய்வதில் அக்காவுக்கு நிகராக இந்தக் கரையில் நான் யாரையும் பார்த்ததில்லை. முதன்முதலில் உப்புப் பாக்கெட் போட அவர்களிடம் போனபோது, கொழுகொழு குழந்தைப் படம் கேட்டேன்.

"என்ன விக்கீக?"

"உப்பு."

"பொறவு பிள்ளை எதுக்கு?"

'உ' என்ற ஒரே எழுத்தை எடுத்தார்கள். வெளிர் நீலத்தில் ஒன்று. அதன்மேல் கொஞ்சம் சாய்த்து இன்னொன்று. அடியிலிருப்பது தெரியும்படி இன்னும் இன்னும். நிறங்கள் கலந்த இடமெல்லாம் கருநீலமானது. அரை மணியில் கம்ப்யூட்டர் திரை முழுக்க அலை.

"அக்கா, வாசிக்க முடியலையே!"

"வாசிக்கதுக்குக் கீழ பேரு போட்டிருக்கேன். இது பாக்கதுக்கு. கடையில பத்து பாக்கெட்டுக்கு நடுவுல வச்சிப் பாரும்."

வைத்துப் பார்த்தேன். இன்று என் பிழைப்பே அந்த அலைதான்.

இரண்டாம் முறை அச்சடிக்கும்போது அக்கா ஒன்று கேட்டார்கள். "பாக்கெட் மடிப்புல, சின்னதா, என் பேரு போடட்டுமா?"

"பேரப் போட்டா போட்டிக்காரன் நேரா உங்களத் தேடி வந்திருவானே அக்கா!"

"அதுக்குத்தாம்ல கேக்கேன்," என்று சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. முடியாது என்றேன். அப்புறம் அவர்கள் கேட்கவே இல்லை. போட்டிக்காரர்கள் தேடி வந்திருந்தால் அக்கா சொந்தமாகக் கடை போட்டிருப்பார்கள். கடைசிவரை இன்னொருவரின் அச்சகத்தில், விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அச்சக முதலாளியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவர் படத்தைச் சிறிதாக்கினார். நான் பெயரையே வைக்கவில்லை.

அடுத்த சரக்கிலிருந்து பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே 'வடிவம்: மோனிக்கா' என்று வருகிறது. யாரும் என்னைப் பாராட்டிவிடாதீர்கள். இனி எந்தப் போட்டிக்காரனும் அக்காவைத் தேடிப் போக முடியாது. அதனால்தான் எனக்கு இந்தத் துணிச்சல்.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அலையின் முதல் அச்சுத் தாளை மாலைகளின்மேல் விரித்தேன். கடல்காற்று அதைத் தூக்கப் பார்த்தது. வண்டியில் கிடந்த உப்புப் பாக்கெட் இரண்டை எடுத்து ஓரங்களில் பாரம் வைத்தேன்.

பழைய சரக்கு. பெயர் இல்லாதது.

போய்வாருங்கள் அக்கா. என்னை மன்னிக்க வேண்டாம்.