பானெட்டில் ஒட்டிக்கொண்ட பொட்டு

விற்பதற்காகக் கடலூரில் காருக்குப் புது பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் பானெட் முழுக்க ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு.

ஈரம் காயும் முன்பே என் மாமனார் பூஜை போட்டு வைத்த குங்குமப் பொட்டும் நடுவில் ஒட்டிக்கொண்டது.

இன்று சிதம்பரத்தில் ஒரு பெயிண்டர் தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டார். பானெட்டில் என் முகம் தெரிந்தது. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"இத ஏண்ணே விட்டுட்டீங்க?"

"சாமி பொட்டு சார். உப்புத்தாள் போட மனசு வரல."

"நான் வச்சதுதான்," என்றார் கூட வந்திருந்த மாமனார், பெருமையாக.

பெயிண்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீ கொண்டுவந்தவரும் போட்டுக்கொண்டார்.

நாளைக்குக் காரைப் பார்க்கப் புவனகிரியிலிருந்து ஆள் வருகிறார். விலை சொல்லவா, உண்டியல் வைக்கவா? நீங்களே சொல்லுங்கள்.