பல்லை மட்டும் மாற்றவில்லை

"நல்லா அகலமாத் தொறங்க. இன்னும் கொஞ்சம். ம், போதும். எங்க விட்டேன்? ஆங், அவ படகை ஏரிக்குள்ள தள்ளிட்டா. துடுப்பு கரையிலேயே கெடக்கு."

நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர் "ஆ" என்கிறார். வாய்க்குள் சின்னக் கண்ணாடி, சுரண்டி, எச்சில் உறிஞ்சும் குழாய். வேறெதுவும் சொல்ல வழியில்லை. ஐலா கோர்பெலாவுக்கு இப்படி வாசகர்கள் அமைந்தால் போதும்.

கனடாவின் தண்டர் பே நகரில், எங்கள் பல் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகப் பல் சுத்தம் செய்கிறார் ஐலா. கதை எழுதுவது அதைவிடப் பழைய வேலை. காலை ஐந்தரைக்குச் சமையலறை மேஜை, எட்டு மணிக்குக் கையுறை. காலையில் எழுதியதை அன்றைக்கே நாற்காலியில் சொல்லிப் பார்த்துவிடுவார். வரவேற்பு மேஜையில் இருக்கும் எனக்கு அவருடைய முதுகும் நோயாளியின் கால்களும் தெரியும். ஐலாவும் அடிக்கடி கால்களைத்தான் பார்ப்பார்.

"மூஞ்சி மரியாதைக்குப் பொய் சொல்லும், அம்மாடி. காலுக்கு அது தெரியாது. ஆடுச்சுன்னா அவன் கடைக்குப் போற யோசனையில இருக்கான். நின்னுடுச்சுன்னா கதைக்குள்ள வந்துட்டான்."

கால் ஆடிய பத்திகளை மதியம் அடித்துவிடுவார். அப்போது இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு வழியும் ஒரு பன்னையும் சாப்பிடுவார். காலையெல்லாம் நோயாளிகளுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே பன். "பாத்ததை வெளிய சொல்லிடாதே" என்பார்.

அவர் கதைகளில் யாருக்கும் மூக்கு கிடையாது. கேட்டேன். "தலைமாட்டுல உக்காந்து வேலை பாக்கறவ நான். எல்லா மூக்கையும் தலைகீழாத்தான் பாத்திருக்கேன்" என்றார். பற்கள் மட்டும் பக்கம் பக்கமாக வரும்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா காகித ஆலையில் மரக்கட்டை தூக்கியவர். இலக்கியம் படித்துவிட்டு இங்கே ஃபோன் எடுக்கிறேனே என்ற உறுத்தலில் ஒருநாள், "நீங்க முழு நேரமும் எழுதலாமே?" என்று கேட்டேன். உண்மையில் என்னைத்தான் கேட்டுக்கொண்டேன். "வீட்டுல உக்காந்திருந்தா யாரு வந்து என்கிட்ட பேசுவா?" என்றவர், அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

நோயாளிகள் நாற்காலியில் சொன்னது ஐலாவின் கதையில் வரலாம். ஆனால் பெயர், ஊர், தொழில், ஆணா பெண்ணா, இந்த நான்கையும் மாற்றியாக வேண்டும். அது அவரே வைத்துக்கொண்ட சட்டம். இந்த மார்ச்சில் டொரொண்டோ பத்திரிகை ஒன்று அவர் கதையை ஏற்றுக்கொண்டது. ஒன்பது வருடத்தில் முதல் முறை. அதில் ஒரு பெண்ணின் பல் உடையும் பக்கத்தில் ஒரு சொல்லையும் தொடவேண்டாம் என்று ஆசிரியர் எழுதிய கடிதம் மருத்துவமனைக் குளிர்பெட்டிக் கதவில் தொங்கியது. கடைசித் திருத்தம் வெள்ளிக்கிழமை போகவேண்டும்.

புதன்கிழமை வெஸ்லி வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஐலா அந்தப் பக்கத்தையே சொல்ல ஆரம்பித்தார். வெஸ்லியின் பூட்ஸ் ஆடிக்கொண்டிருந்தது, நின்றது. ஐலா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

வெஸ்லி கையைத் தூக்கினார். குழாயை அவரே வெளியே எடுத்தார்.

"அந்தப் பொம்பள நான்தானே?"

ஐலா சிரித்தார். "நீங்க எப்போ வின்னிபெக்ல ரொட்டி சுட்டீங்க?"

"என்னைப் பொம்பளையாக்கிட்ட. ஊரை மாத்திட்ட. ரயில் ஓட்டினவனை ரொட்டி சுட வெச்சுட்ட. அதெல்லாம் பரவால்ல. பல்லை மட்டும் என் வாயிலேயே விட்டுட்டியே, ஐலா."

ஐலா எழுந்து பழைய கோப்பை எடுத்தார். பல் உடைந்த விதம் அதில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய குறிப்பு, ஐலாவின் கையெழுத்து. அந்தப் பல்லை உறை போட்டு மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கண்ணில் உறைதான் பட்டிருக்கிறது.

"ஏழு தடவை மாத்தி எழுதினேன், வெஸ்லி. நானே உண்டாக்கினதுன்னு நம்பிட்டேன். சத்தியமா."

"என் மக அந்தப் பத்திரிகை வாங்கறா."

"அவளுக்குத் தெரியாதா?"

"ஹாக்கியில ஒடஞ்சதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அம்மா போனப்போ அப்பா கல்லு மாதிரி நின்னாருன்னு அவளுக்கு இன்னும் கோவம்."

"அப்போ இதைப் படிச்சா, அன்னிக்கு நீங்க கல்லா இல்லன்னு அவளுக்குப் புரியுமே?"

"புரியும். ஆனா அதை நான் சொல்லணும். நீயோ பத்திரிகையோ சொல்லக் கூடாது." மறுபடி சாய்ந்துகொண்டார். "மிச்சத்தைச் சுத்தம் பண்ணு."

ஐலா மிச்சத்தைச் சுத்தம் செய்தார். இருபது நிமிடம் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பல் எப்படி உடைந்தது என்று எனக்கும் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. வெஸ்லி என்பது அவர் பெயரல்ல, அவர் ஓட்டியது ரயிலுமல்ல. இந்த வரிகளை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "பல்லை மாத்தினியா?" என்று மட்டும் கேட்டார். மாற்றிவிட்டேன். அது போதுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியமே ஐலா டொரொண்டோவுக்கு ஃபோன் செய்தார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லீங்க, அந்தப் பக்கத்தைப் போட முடியாது. கதையே வேணாம்னாலும் சரி." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த எடத்துல வேற ஒண்ணு குடுத்தா பாக்கறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுவும் இதே கனத்துல இருக்கணுமாம்."

"ஏதாவது கற்பனை பண்ணுங்களேன்."

"இதையும் கற்பனைன்னுதான் நெனச்சேன்."

பன் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஐலா உள்ளே போய் நோயாளி நாற்காலியில் படுத்தார். மேலே இருந்த விளக்கை இழுத்துத் தன் முகத்துக்கு நேரே வைத்தார். கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் கன்னத்தை ஒதுக்கி, தன் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, விரலை விடுவித்துப் பேனாவைத் துழாவினார்.