எலும்பில்லாத காய்

என் அத்தான் கறிக்கடைக்காரர். ஒரு முழு ஆட்டைப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே பிரித்துப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பூசணிக்காய் திண்டாட வைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அக்கா மூத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் அத்தானும் இளைய மகளும் மட்டும்தான். நேரம் பார்த்து அவள், இனிமேல் கறி, மீன் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால், பிடிக்கவில்லை என்பதோடு சரி. கறி பிடிக்கவில்லையா, கடை பிடிக்கவில்லையா, தன்னையே பிடிக்கவில்லையா என்று அத்தானுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

காய்தானே என்று அவரே அடுப்படியில் இறங்கினார். பொடியைக்கூடக் கடையில் வாங்காமல் மிளகும் மல்லியும் வறுத்து இடித்தார். பழகின கை சும்மா இருக்குமா? கத்திரிக்காய் மிருதுவாகட்டும் என்று, கறிக்குத் தடவுவதுபோலப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊறவைத்தார். அது கூழானது. பீன்ஸை நெஞ்செலும்பு வேகிற நேரம் வேகவைத்தார். பூசணிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் முறையிட்டார்.

"எலும்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சா எங்க வெட்டணும்னு தெரியும். இதுல ஒண்ணுமே இல்லியே மாப்ள."

போகப்போகக் கை தேறியது. நானே இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அப்புறம் ரொட்டியும் வாழைப்பழமும். அத்தான் உப்பைக் குறைத்தார், காரத்தைக் கூட்டினார், எண்ணெயை மாற்றினார். எதற்கும் அவள் மசியவில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் விடுதி பார்த்திருப்பதாக அவள் சொன்ன அன்று மனிதர் ஆடிப்போய்விட்டார். மகளும் போய்விட்டால், அக்கா திரும்பும்வரை அந்த வீட்டில் யாருக்காக அடுப்பு மூட்டுவது?

மறுநாள் சாயங்காலம் பீன்ஸை முன்னால் பரப்பிக்கொண்டு, என்னதான் குறை என்று கேட்டேவிட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சமைக்கிறீங்கப்பா. ஆனா கடைக் கத்தியிலதானே நறுக்குறீங்க."

அத்தான் விழித்தார். வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் நறுக்குவதாகச் சொன்னார். வீட்டில் இருந்த சின்னக் கத்தி அவர் கைக்கு அடங்காது, அதனால் கடைக் கத்தியை எடுத்து வந்திருக்கிறார். அது ஒரு குற்றம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தி புதுசா வாங்கிடலாம்மா. இந்தக் கையை என்ன பண்றது?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்து, கையாலேயே துண்டு துண்டாக ஒடித்தாள். பிறகு ஒரு பிடி அள்ளி அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுக்குக் கத்தியே வேணாம்ப்பா. கையாலேயே ஒடிங்க, நான் சாப்பிடுறேன்."

கத்தி ஆகாது, கை ஆகுமா? அது எப்படி என்று அத்தானுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதைக் கேட்கவும் பயந்துகொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஒடித்துக்கொண்டே இருந்தார்.